கிரைண்டர் ஓடினால்தான் கையெழுத்து

எங்கள் சமையலறைக் குழாயைத் தொட்டால் சில நேரம் கையில் சுருக்கென்று கரண்ட் ஏறும். எல்லா நேரமும் இல்லை. அதனால் நானும் என் மனைவியும் அதைக் குறையாக எண்ணாமல் அந்த வீட்டின் குணமாகவே எடுத்துக்கொண்டிருந்தோம். ஒசூரில் பாகலூர் சாலையை ஒட்டிய வாடகை வீடு அது. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடி, எங்களுடையது நடுவில். காற்று வரும், தண்ணீர் வரும், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பேருந்து தெருமுனையிலேயே நிற்கும். இத்தனை வசதிகளுக்கு நடுவில் குழாய் எப்போதாவது கடிப்பது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

பெங்களூரில் இருக்கும் எங்கள் ஒரே மகள் தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு கணவருடன் ஒரு ஞாயிறு மாலை வந்தாள். காப்பி டம்ளரைக் கழுவப் போனவள் "அம்மா!" என்று அலறி டம்ளரைக் கீழே போட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எங்கள் மாப்பிள்ளை எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அவர் சத்தம் போடவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை. விபத்து நடந்த இடத்தைப் பார்வையிடுவதுபோல் பாத்திரம் கழுவும் தொட்டியின் முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் மனைவியிடம் ஒரு சிவப்புத் துணி கேட்டு வாங்கி, அதைக் குழாயின் கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். அவர்கள் தொழிற்சாலையில் பழுதான இயந்திரத்துக்கு அப்படித்தான் செய்வார்களாம். காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "மாமா, வளைகாப்பு முடிஞ்சதும் அவளை இங்க கொண்டாந்து விடணும்னுதான் இருந்தேன். லைசென்ஸ் உள்ள ஆள் யாராவது வந்து வீட்டைச் சோதிச்சு, கையெழுத்துப் போட்டு ஒரு ரிப்போர்ட் குடுக்கட்டும். அது வந்துட்டா அன்னைக்கே கூட்டிட்டு வர்றேன். வரலைன்னா பரவாயில்ல, பிரசவம் பெங்களூர்லயே பாத்துக்கலாம். அம்மா ரூமெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்காங்க."

கார் தெருவைத் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டிருந்த என் மனைவி, அது மறைந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ரூம் ரெடி பண்ணி வச்சிருக்காங்களாம், ரூம். நான் வீட்டையே ரெடி பண்ணி வச்சிருக்கேன்."

அது உண்மைதான். தொட்டிலுக்காகப் பழைய நூல் சேலைகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். ஜன்னலோரக் கட்டிலை வெயில் படாத சுவர்ப் பக்கம் மாற்றியிருந்தாள். சுக்கும் மிளகும் தனித்தனி டப்பாவில் இருந்தன. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதை அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது ஒரு கையெழுத்தில் வந்து நின்றது.

"நாளைக்கே ஆள் பாருங்க" என்றாள். பார்த்தேன்.

முதலில் வந்த எலக்ட்ரீசியன் குழாயில் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சார், உங்களுக்குப் பிரம்மை" என்றார். இரண்டாமவர் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் மாட்டிக்கொள்ளச் சொன்னார். இரண்டு பேரிடமும் கையெழுத்துப் போடும் உரிமம் இல்லை. கடைசியில் எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் விசாரித்தேன். நான் அங்கே அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பிரிவும் ஒரே கூடத்தில்தான். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒரு அம்மா இருப்பதாகச் சொல்லி அவர் எண்ணைக் கொடுத்தார்கள்.

போனில் பேச்சைக் கேட்டதுமே அவர் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்தது.

"எப்பம் அடிக்கு? காலைலயா, சாயந்தரமா?"

யோசித்துப் பார்த்தேன். "சாயந்தரம்தாங்க அதிகம்."

"அப்பம் அது உங்க வீட்டுக் கோளாறு மட்டும் இல்ல சார். வேற எங்கயோ ஒழுகி உங்க குழாய்ல வந்து நிக்கி. ஞாயித்துக்கிழமை வாரேன். ஒண்ணே ஒண்ணு. பில்டிங்ல எல்லாரும் வீட்டுல இருக்கணும், எல்லாம் எப்பவும்போல ஓடிட்டு இருக்கணும். வீட்டுக்காரர்ட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

வீட்டு உரிமையாளருக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். மாதத்துக்கு ஒரு முறை வந்து மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டுப் போவார். நல்ல மனிதர். அவரைக் கூப்பிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை நம்ம பில்டிங்ல எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்‌ஷன் இருக்குங்க. ஒரு மேடம் வர்றாங்க. எல்லா வீட்டையும் பார்ப்பாங்க."

மறுமுனையில் குரல் இறங்கியது. "இன்ஸ்பெக்‌ஷனா? யாரு சார் கம்ப்ளெயின்ட் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க. சேஃப்டிக்குத்தான்."

"ஓ... சேஃப்டிக்கு. சரி சார். சரிங்க சார். எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன், நீங்க சிரமப்படாதீங்க."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டடம் அமைதியாக இருந்தது. எங்களுடையது போன்ற கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு சத்தம் உண்டு. தரைத்தளத்தில் ஒரு அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறார். அவருடைய பெரிய கிரைண்டர் மற்ற நாளில் மாலை மட்டும் ஓடும், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும். எங்கள் எதிர்வீட்டு பாய் தையற்காரர். அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு மோட்டார் மெஷினில் தைப்பார்கள். மேல்மாடியில் ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் நால்வர்; துவைக்கிற மெஷினும் பாட்டும் சேர்ந்து ஓடும். அன்று இவற்றில் ஒன்றுகூட இல்லை. கரண்ட் போய்விட்டதோ என்று எங்கள் வீட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தேன். எரிந்தது.

கீழே இறங்கிப் போனேன். மாவுக்கார அம்மாவின் கதவு திறந்திருந்தது. கிரைண்டர் இருக்க வேண்டிய இடத்தில் பட்டுச்சேலை போர்த்திய ஒரு மேடை. மேலே சாமி படம், பூ, ஊதுபத்தி. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, விசேஷமா?"

"ஆமாங்க சார். பூஜை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பாய் வீட்டில் இரண்டு மெஷின்களும் மெத்தைக்கடியில் போயிருந்தன. மெத்தை பாதிச் சுவர் உயரத்துக்கு நின்றது. மேல்மாடி இளைஞர்கள் தண்ணீர் சுடவைக்கும் கம்பியை ஒரு வாளியில் போட்டு, அதன்மேல் துணியைப் போட்டு, மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதும் எதுவும் புரியவில்லை.

ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் மின் ஒப்பந்தக்கார அம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கருவிப் பை, காலில் கனமான ஷூ. அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் வெள்ளை வேட்டி சட்டையில் வீட்டு உரிமையாளர் எங்கிருந்தோ முன்னால் வந்து கும்பிட்டார். கையில் ஒரு கூடை மல்கோவா.

"வாங்க மேடம், வாங்க. நம்ம தோட்டத்துக் காய்."

"எனக்கா? எதுக்கு அண்ணாச்சி?"

"சும்மாதான் மேடம். வெயில்ல வந்திருக்கீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம பில்டிங்ல எல்லாம் சாதாரண ஜனங்க. கரண்டே யூஸ் பண்றதில்லீங்க."

ஒப்பந்தக்கார அம்மா என்னைப் பார்த்தார். நான் உரிமையாளரைப் பார்த்தேன். உரிமையாளர் கூடையைப் பார்த்தார்.

ஒப்பந்தக்கார அம்மா மேலே எங்கள் வீட்டுக்கு வந்து சோதனையைத் தொடங்கினார். அவர் செய்வதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. மெயினை அணைத்து ஒவ்வொரு வயரையும் தனியாகப் பிரித்துக் காப்புறை கெட்டிருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. மறுபடி மெயினைப் போட்டுவிட்டு, சிவப்புத் துணியை விலக்கி, வேறொரு கருவியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைத் தரையிலும் வைத்தார். முள் அசையவே இல்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

என் மனைவிக்கு முகம் மலர்ந்தது. "அப்போ எழுதிக் குடுத்துடறீங்களா?"

"எப்படிம்மா எழுத? ஒங்க பொண்ணுக்கு அடிச்சிருக்குல்லா? அடிச்சது எதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்குப் பிள்ளத்தாச்சி வந்து அதே குழாயத் தொடுவா. என் கை அதை எழுதாது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. அவள் போய்ச் சேலைகள் மடித்து வைத்திருந்த அலமாரியின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அது திறந்திருந்ததுகூட எனக்குத் தெரியாது.

மின் ஒப்பந்தக்கார அம்மா கட்டடத்தின் சத்தத்துக்குக் காதைத் தீட்டினார். "ஏன் சார், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு ஒரு மிக்ஸி சத்தம்கூட இல்லியே? எல்லாரும் என்ன செய்யுதாங்க? எப்பவும்போல ஓடணும்னு சொன்னேன்லா?"

அப்போதுதான் எனக்குப் பட்டுச்சேலையும் மெத்தையும் வாளியும் ஒன்றாகச் சேர்ந்தன. படியிறங்கி ஓடினேன். உரிமையாளர் மாங்கூடையோடு ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எல்லார்கிட்டயும் என்னன்னுங்க சொன்னீங்க?"

"கரண்ட் ஆபீஸ்லேர்ந்து ஆபீசர் வர்றாங்க, வீட்டு கனெக்‌ஷன்ல தொழில் பண்றதெல்லாம் கண்ல படக்கூடாதுன்னு சொன்னேன் சார். ஏன், ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

எனக்குப் பின்னால் படியில் நின்றிருந்த ஒப்பந்தக்கார அம்மா சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நான் ஆபீசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. லைசென்ஸ் எடுத்து வேலை செய்யுத கான்ட்ராக்டர். அந்தப் பழத்தை உள்ள வைங்க, வேலை முடிஞ்சப்புறம் தாங்க, திங்கேன்."

இதைக் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை. பாய் கதவிடுக்கில் நின்று, "ஆபீசர்ங்க மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார். மேலிருந்து ஒரு இளைஞன், "அக்கா, ஐ.டி. கார்டு காட்டுங்க" என்று கத்தினான். அவர் காட்டினார். தூரத்திலிருந்து படிக்க முடியவில்லை என்றான்.

நான் உரிமம் என்றால் என்ன, ஒப்பந்தக்காரர் என்றால் யார் என்று வரிசையாக விளக்கத் தொடங்கினேன். என் மனைவி என்னை விலக்கிவிட்டு நேராக மாவுக்கார அம்மா வீட்டுக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என் பொண்ணு பிரசவத்துக்கு இங்க வரணும். மாப்பிள்ளை ரிப்போர்ட் கேக்கறார். உன் கிரைண்டர் ஓடுனாத்தான் அந்தம்மா கையெழுத்துப் போடுவாங்க. இல்லைன்னா அவ பெங்களூர்லயே இருந்துக்குவா. அவ்வளவுதான் விஷயம்."

மாவுக்கார அம்மா விசிறியைக் கீழே போட்டார். பிறகு எழுந்து சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு அலமாரியில் வைத்தார். பட்டுச்சேலையை உருவினார்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்னாக்கா? காலைலேர்ந்து விசிறி விசிறி கை போச்சு. பொண்ணு வரணும்னா கிரைண்டரென்ன, வீட்டையே சுத்த விடறேன்." வாசலுக்கு வந்து மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ பசங்களா! எல்லாத்தையும் எடுத்துப் போடுங்கடா! ஆபீசர் இல்லியாம், நம்ம சைடுதானாம்!"

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். மெத்தைக்கடியிலிருந்து தையல் மெஷின்கள் வெளியே வந்தன. மொட்டைமாடியிலிருந்து வாளி இறங்கி வந்தது. எங்களுக்கு இருப்பதே தெரியாத பொருள்களெல்லாம் வந்தன. இளைஞர்களிடம் இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு குட்டி ஃப்ரிட்ஜும் இருந்தன. உரிமையாளர் அந்த ஃப்ரிட்ஜைப் பார்த்து, "இது எப்பய்யா வந்துச்சு?" என்றார். "நேத்துதாங்க ஓனர்" என்றார்கள் நால்வரும் ஒரே குரலில். அதன் கதவில் போன தீபாவளி ஸ்டிக்கர் இருந்தது.

மின் ஒப்பந்தக்கார அம்மா எங்கள் குழாயில் கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். நான் ஜன்னலில் நின்று கட்டளைகளைக் கீழும் மேலும் அனுப்பினேன். தையல் மெஷின்: முள் அசையவில்லை. சுடுதண்ணீர்க் கம்பி: இல்லை. ஃப்ரிட்ஜ்: இல்லை. "கிரைண்டர்!" என்றேன். கீழே கல் உருளத் தொடங்கிய கணமே முள் துள்ளி எழுந்து நடுங்கியது.

"மாட்டுச்சு" என்றார் அவர், மீன் பிடித்தவர்போல.

கீழே இறங்கிப் போய்க் கிரைண்டரைச் சுற்றிப் பார்த்தவர் மாவுக்கார அம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா, இது ஒங்களுக்கு அடிக்கலியா?"

"அடிக்குமே. அதுக்குத்தான் ரப்பர் செருப்பு. செருப்பு போடாம இதுகிட்ட போகவே மாட்டேன். கிரைண்டர்னா அப்படித்தான்னு இருந்தேன்."

பாய் வாசலிலிருந்தே சொன்னார், மெஷினின் கால்மிதியை மிதிக்கும்போது சாயந்தரத்தில் லேசாக ஊறும் என்றும், அதற்காக அடியில் ரப்பர் விரிப்புப் போட்டிருப்பதாகவும். இளைஞர்களில் ஒருவன் ஷவரைக் குச்சியால் திறப்பதாகச் சொன்னான். என் மனைவி மெதுவாக, "நான் துண்டால பிடிச்சுத்தான் குழாயை மூடுவேன்" என்றாள். ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு வீடும் அது தன் வீட்டு விஷயம் என்று நினைத்துத் தனக்கென்று ஒரு தந்திரம் வைத்திருந்தது. ஒருவரும் அடுத்தவரிடம் சொன்னதில்லை.

"நல்ல பில்டிங்" என்றார் மின் ஒப்பந்தக்கார அம்மா. பிறகு எங்களுக்கு விளங்கும்படி சொன்னார். கிரைண்டரின் மோட்டாருக்குள் ஒரு வயர் உரசித் தேய்ந்திருக்கிறது. ஒழுகும் கரண்ட் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஆனால் போக முடியாமல், எல்லா வீட்டுக்கும் பொதுவான அந்தக் கம்பியில் ஏறி, எங்கள் கீஸர் வழியாக இரும்புக் குழாயில் வந்து நிற்கிறது. "மோட்டாரை மாத்தலாம். அது பெருசில்ல. எர்த் குழி எங்க இருக்கு அண்ணாச்சி? அதுல தண்ணி ஊத்தி எத்தனை காலமாச்சு?"

உரிமையாளர் தலையைச் சொறிந்தார். கம்பி மீட்டர் பலகையிலிருந்து இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தின் சிமெண்ட் தரைக்குள் போய் மறைந்தது. வண்டிகள் சேற்றில் நிற்கக் கூடாதென்று அவர்தான் தரை முழுவதும் சிமெண்ட் போட்டிருந்தார். குழி அதற்கடியில்.

"தண்ணி இல்லாம எப்படி அண்ணாச்சி கரண்டு மண்ணுக்குள்ள போவும்?"

இந்தக் கேள்வி அவரை வேறு மனிதராக்கியது. "அட, அதைச் சொல்லுங்க! வேருக்குத் தண்ணி போகலைங்கறீங்க!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டடத்தின் மூலையிலிருந்து அடியெடுத்து வைத்து நடந்து, ஓரிடத்தில் குதிகாலால் தட்டினார். "கொத்தனார் இங்கதான் தோண்டினான். அன்னைக்கு நான் இந்தச் சுவத்துமேல உக்காந்து டீ குடிச்சேன்." கடப்பாரை வந்தது. மெயினை அணைத்துவிட்டு, முதல் குத்து அவரே குத்தினார். பிறகு இளைஞர்கள் வாங்கிக்கொண்டார்கள். சிமெண்டுக்கடியில் மண் புழுதியாகப் பறந்தது. கம்பி ஒரு முனையில் களிம்பேறிப் பச்சை பூத்து, இணைப்பு விட்டுப்போயிருந்தது.

"தோட்டத்துல ஒரு மாங்கன்னை இப்படி வச்சிருந்தா எங்கப்பா என்னை வீட்டை விட்டே துரத்தியிருப்பாரு" என்றார் உரிமையாளர்.

அன்றே கம்பியை மாற்றி, கரியும் உப்பும் போட்டுக் குழியை நிரப்பினார்கள். தண்ணீர் ஊற்றும் முறை வந்தபோது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடம் வந்தது. கேட்டு வாங்கவில்லை, தானாக வந்தது. மண் அவ்வளவையும் குடித்துக்கொண்டே இருந்தது. குழிக்கு இரும்பு மூடியும் வைத்தாயிற்று. மாவுக்கார அம்மா கடைசிக் குடத்தை ஊற்றிவிட்டு, "மாசாமாசம் நானே ஊத்தறேன். ஓனர் ஊத்துவாருன்னு நம்பினா பொண்ணோட பேரனுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றார். உரிமையாளரும் சேர்ந்து சிரித்தார். மாங்கூடை அங்கேயே காலியானது. மின் ஒப்பந்தக்கார அம்மா சொன்னபடியே இரண்டு பழம் தின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். கிரைண்டருக்குப் புது மோட்டார், ஒவ்வொரு வீட்டு மின்பலகையிலும் கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஒரு சுவிட்ச். இந்த முறை அவர் கேட்காமலே கட்டடம் முழுவதும் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டை மட்டும் குறைக்கச் சொன்னார். குழாயில் முள் அசையவில்லை. சமையல்மேடையில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சிவப்புத் துணியின் முடிச்சை அவரே அவிழ்த்து என் மனைவி கையில் கொடுத்தார்.

மாப்பிள்ளை அறிக்கையை முழுவதும் படித்துவிட்டு ஒப்பந்தக்கார அம்மாவையே கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டாராம். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "தம்பி, இதுக்கு மேலயும் சந்தேகம்னா வந்து தொட்டுப் பாருங்க" என்றாராம். இதை மாப்பிள்ளையே சிரித்துக்கொண்டு சொன்னார்.

வளைகாப்பு முடிந்த மறுநாளே அழைத்து வந்துவிட்டார். செருப்பைக் கழற்றியதும் அவர் போனது எங்கள் மின்பலகைக்கு. சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். வடைக்கு அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸி பாதியில் நின்றது. "மாப்பிள்ளை, உளுந்து!" என்று என் மனைவி உள்ளிருந்து கத்தினாள். "சாரி அத்தை, வேலை செய்யுது" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு. மாலை பெங்களூர் வழியில் அத்திப்பள்ளியில் நெரிசல் கூடுவதற்குள் கிளம்பினார். பெட்டிகள் எல்லாம் இங்கே, அவர் மட்டும் தனியாக. வாசலில் என்னிடம், "மாமா, அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவரை அனுப்பிவிட்டு மேலே வந்தால் வீட்டில் மகள் இல்லை. என் மனைவி தட்டில் சூடாக வடையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள்.

"இப்பத்தானே வந்தா? எங்க போனா?"

கீழே மாவுக்கார அம்மா வீட்டிலிருந்து கண்ணாடி வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன. இறங்கிப் போனோம். மகள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் தோசைத் தட்டு. பாயின் மனைவி அவள் தோளில் அளவு நாடாவை வைத்துக்கொண்டு, தளர்வாக நாலு நைட்டி போதுமா ஆறு வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வடை சுட்டு வச்சிருக்கேன்டி" என்றாள் என் மனைவி.

"அஞ்சு நிமிஷம்மா" என்றாள் மகள், இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டியபடி.

என் மனைவி வாசற்படியில் கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, வடைத் தட்டை நடுவில் வைத்தாள்.